உங்களுக்குத் தெரியுமா? மில் சங்கு கேட்கும் ஊர்களில் பெண்கள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒன்று பஞ்சாலைகளின் ஊர். மற்றது ஆண்டாளின் ஊர், பால்கோவாவின் ஊர். இரண்டு ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் விடியுமுன்பே சோறு பொங்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு மில் வேனுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கும் ஓடுகிற பெண்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் என்ன தந்திருக்கிறது, அதை யார் கேட்டு வாங்கினார்கள், யாருக்கு இன்னும் எட்டவில்லை என்று தேடிச் சேர்த்த துணுக்குகள் இவை. சேர்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் தலை எத்தனை என்று எண்ணிப் பார்த்துத்தான் பல உரிமைகள் உள்ளே வருகின்றன.

நூற்றுக்கு 43

இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2019–20ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் ஆய்வுக் கணக்கு இது. பஞ்சாலை, ஆயத்த ஆடை, தீப்பெட்டி, பட்டாசு, தோல், மின்னணுப் பொருள் எல்லாம் சேர்ந்தது. பதிவேட்டில் ஏறாத தறிக்கூடங்களும் வீட்டுத் திண்ணைத் தையலும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

முழு நைட் யாருக்கு?

மில்லில் ஷிப்டு மூன்று. பகல், அரை நைட், முழு நைட். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மாநில அரசு இந்த நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எக்காரணத்தாலும் கூடாது என்றும் இருந்தது. பெண்ணைக் காப்பாற்றும் எண்ணத்தில் எழுதிய பிரிவுதான். நடந்தது என்ன? மூன்று ஷிப்டும் ஓட்ட வேண்டிய மில்லுக்கு, ஒரு ஷிப்டுக்கு வர முடியாத ஆளைவிட மூன்றுக்கும் வரும் ஆள் லாபம். ரிங் ஃப்ரேமில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் சைடர் வேலையும், கண்டு நிரம்பியதும் கழற்றி மாட்டும் டாஃபர் வேலையும் ஆண்கள் பக்கம் போயின. பெண்களுக்கு ரீலிங்கும் வைண்டிங்கும் மிஞ்சின.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா வழக்கு என்று அறியப்படும் வழக்கில், பெண் என்ற ஒரே காரணத்தால் இரவு வேலையை மறுப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று கூறி அந்தத் தடையை ரத்துசெய்தது. வெறுமனே கதவைத் திறந்துவிடவில்லை. வீட்டிலிருந்து கூட்டிவந்து கொண்டுவிட வாகனம், தனியாக ஒருத்தியை நிறுத்தாமல் குழுவாக வேலை, ஒரு ஷிப்டு முடிந்து அடுத்ததற்குப் 12 மணி நேர இடைவெளி, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதியது. இரவு ஷிப்டுக்குப் பெண்களை அழைக்கும் எந்த நிறுவனத்தையும் இந்த வரிசையை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் பெண்ணின் சம்மதம் இருந்தால்தான் இரவு வேலை. சம்மதம் என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். 'நைட்டுக்கு வர மாட்டேன்னா நாளையிலிருந்து வேலைக்கே வர வேண்டாம்' என்று சொல்லி வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது. முழு நைட் முடித்து வருகிறவளுக்கு வீட்டில் அடுப்பும் அரிசியும் காத்திருக்கின்றன என்பதை எந்த நீதிமன்றமும் ரத்துசெய்ய முடியாது. அதை வீட்டிலிருக்கும் ஆண்கள்தான் மாற்ற முடியும்.

பஞ்சுக்குப் பக்கத்தில் வராதே

அதே 1948 சட்டத்தில் பலரும் கவனிக்காத 27ஆம் பிரிவு ஒன்று இருந்தது. பஞ்சை அழுத்திப் பொதி கட்டும் ஆலையில், பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில் பெண்ணும் சிறு பிள்ளையும் நிற்கக் கூடாது என்றது அது. பெண்ணையும் குழந்தையையும் ஒரே வரியில் வைத்து எழுதிய சட்டங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். பஞ்சுத் தூசி ஆணின் நுரையீரலுக்குள்ளும் அதே வேகத்தில்தான் போகும். இயந்திரத்துக்கு உறையும் தூசியை உறிஞ்சும் கருவியும் போட்டிருந்தால் இருவருமே பிழைத்திருப்பார்கள்.

மூன்று வருஷம் முடித்தால் மொத்தப் பணம்

'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் 2000களில் தென் மாவட்டக் கிராமங்களில் ஏஜென்டுகள் வாயில் புழங்கியது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணை மில் ஹாஸ்டலில் விட்டால், மூன்று வருஷம் கழித்து முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் வரும். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. அந்தப் பணம் அவளுடைய கூலியிலிருந்தே பிடித்து வைத்ததுதான். நோய் வந்தோ, வேலை தாங்காமலோ இடையில் கிளம்பியவர்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் இது பெரிதாக நடந்தது. ஆள் எடுத்தது பெரும்பாலும் மழை பொய்த்த தெற்கிலிருந்து. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வணிகர்களும் இதைக் கேள்வி கேட்க வேண்டியதாயிற்று.

என்னை உறுத்துவது இதுதான்: வரதட்சணையைத் தடைசெய்யும் சட்டம் இந்த நாட்டில் 1961 முதல் இருக்கிறது. அப்படியிருக்க, வரதட்சணைக்குச் சேர்த்துத் தருகிறோம் என்ற பெயரிலேயே ஒரு வேலைத் திட்டம் வெளிப்படையாக ஆள் சேர்த்தது. மாதக் கூலியை மாதாமாதம் அந்தப் பெண் கையில் கொடுத்திருந்தால், அதை என்ன செய்வது என்று அவளே முடிவு செய்திருப்பாள்.

10, 30, 50

இந்தத் துணுக்குக்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம். இது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைகள் காப்பகம், 1948 சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் இருந்த தொழிற்சாலையில் வேண்டியிருந்தது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, 50 ஊழியர் இருந்தால் காப்பகம் என்றார்கள். ஆணோ பெண்ணோ, தலை 50. புதிய சட்டத் தொகுப்பும் 50 என்ற எண்ணிலேயே நிற்கிறது. குழந்தை தாய்க்கு மட்டும் சொந்தமில்லை என்று சட்டம் ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்கிறேன்; நல்லது. அதே தொகுப்பில், மின்சாரத்தால் இயங்கும் இடத்தைத் 'தொழிற்சாலை' என்று சொல்ல முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். இது நல்லதல்ல.

ஏன் என்று கேட்டால் ராஜபாளையம் வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் பக்கம் விசைத்தறியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. தறியில் ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். தார் சுற்றுவது, துணி மடிப்பது, வெட்டி பேக்கிங் செய்வது பெரும்பாலும் பெண்கள். தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் பக்கம் நைட்டி தைப்பு. பீஸ் ரேட் கூலி. பாதி வேலை வீட்டுத் தையல் மிஷினில். ஒரு கூடத்தில் ஆறு பேர், எட்டுப் பேர். பத்தைத் தொடாத கூடத்தில் உள்ளகக் குழு கிடையாது. காப்பகம் பற்றிப் பேச்சே இல்லை. கைக்குழந்தை தறிச் சத்தத்தில், தொட்டிலில் தூங்குகிறது. பெரிய மில்லில் வேலை செய்யும் அக்காவுக்குக் கிடைப்பது, சின்னப் பட்டறைக்குப் போகும் தங்கைக்குக் கிடைப்பதில்லை. ஒரே வீடு, ஒரே தொழில்.

பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றால் எங்கே போவது? அதற்குத்தான் மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு அமைக்க வேண்டும் என்கிறது அதே 2013 சட்டம். வீட்டு வேலை செய்யும் பெண்ணும் அங்கே புகார் தரலாம். முதலாளியே தொல்லை கொடுத்தாலும் அங்கேதான் போக வேண்டும். இந்த ஒரு தகவல் தறிக்கூடத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டியது.

ராஜபாளையத்துக்காரர் முதலமைச்சராக இருந்தபோது

வேலையிலும் படிப்பிலும் எல்லாச் சாதிக்கும் இடம் என்ற பேச்சில் ராஜபாளையத்துக்கு ஒரு பங்கு உண்டு. பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். அப்போது நடப்பில் இருந்தது வகுப்புவாரி அரசாணை. 1947இல் திருத்திய வடிவில், ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் கல்லூரி இடங்களில் இதைச் செல்லாது என்றது. அதே நாளில், மாவட்ட முன்சீப் வேலை கேட்ட வெங்கடரமணா வழக்கிலும் அரசு தோற்றது. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் தெருவில் இறங்கினார். இரண்டே மாதத்தில், ஜூனில், அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது; 15(4) பிரிவு சேர்ந்தது. இன்று நாடு முழுக்கப் பிற்படுத்தப்பட்டோர் படிப்பில் பெறும் இடஒதுக்கீடு நிற்பது அந்தப் பிரிவின் மேல்.

அந்தப் பதினான்கில் சாதிக்கு இடமிருந்தது, மதத்துக்கு இடமிருந்தது. பெண்ணுக்கென்று ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டு அரசு வேலையில் பெண்களுக்கு நூற்றுக்கு 30 என்பது 1989இல்தான் வந்தது. அதை 40 ஆக்குவதாக 2021 செப்டம்பரில் அரசு அறிவித்தது.

உட்காரும் உரிமை

துணிக்கடையிலும் பாத்திரக் கடையிலும் நிற்கும் பெண் உட்கார ஒரு முக்காலி கேட்க, சட்டம் வேண்டியிருந்தது. முதலில் கேட்டவர்கள் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது: ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்த பெண்களை நம் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கல்லாவுக்குப் பின்னாலும் பாருங்கள், அலமாரிக்கு முன்னாலும் பாருங்கள். இருக்கை எங்கே இருக்கிறது?

26 வாரம்

சம்பளத்தோடு பேறுகால விடுப்பு 26 வாரம். முதல் இரண்டு குழந்தைக்கு. அதற்கு மேல் 12 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினால் செல்லாது. திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை. இ.எஸ்.ஐ. பிடிக்கும் மில்லில் இந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும்.

தினக்கூலிக்கு இது கிடையாது என்று யாராவது சொன்னால், 2000 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டலாம். டெல்லி மாநகராட்சியில் சாலை வேலை செய்த மஸ்டர் ரோல் பெண்கள் தொடுத்த வழக்கு. அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்; 2025 மே மாதம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. பேறுகால விடுப்பு பெண்ணின் உரிமைகளில் ஒன்று என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. இரண்டு வழக்கிலும் முறையிட்டவர்கள் பெரிய பதவியில் இருந்தவர்கள் அல்லர்.

வேலை நிறுத்தம் செய்த தமிழ்ப் பெண்கள்

நம் ஊர் மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தலைமுறைகளுக்கு முன் தென் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள். 2015 செப்டம்பரில் போனஸை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்ததும் ஆயிரக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. சங்கத் தலைவர்கள் எல்லாரும் ஆண்கள். கூடை சுமப்பது நாங்கள், நிர்வாகத்தோடு கூடிப் பேசி முடிப்பது நீங்களா என்பது அவர்கள் கேள்வி. ஒன்பது நாளில் நூற்றுக்கு 20 வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்று அந்த இயக்கத்துக்குப் பெயர். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பேச்சுவார்த்தை மேசையில் பெண் இருக்கிறாளா என்று அன்றிலிருந்து கேரளத்துச் சங்கங்களைக் கேட்கிறார்கள். நம் மில் சங்கங்களையும் கேட்கலாம்.

திண்டுக்கல் ஒப்பந்தம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த 21 வயது தலித் பெண்ணை அவருடைய மேற்பார்வையாளர் கொன்றார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் சங்கமும் ஆலை நிர்வாகமும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்தது. அதன் உயிர்நாடி, தையல் வரிசையில் உட்காரும் பெண்களிலிருந்தே பயிற்சி கொடுத்து கண்காணிப்பாளர்களை நிறுத்தியது. தொல்லை நடப்பதை முதலில் பார்ப்பவள் பக்கத்து மிஷின்காரிதானே.

ஆண்டாள் ஊரில் ஒரு கேள்வி

பன்னிரு ஆழ்வார்களில் பெண் ஒருவர்தான், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மாநில அரசின் முத்திரையில் இருப்பதும் இவ்வூர்க் கோபுரம் என்பார்கள். பாசுரம் பாடிய பெண்ணைத் தெய்வமாக வைத்த மண்ணில், பெண் பூசை செய்யலாமா என்பது இன்னமும் கேள்விதான். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றில் அப்பாவுக்குப் பின் பூசாரியாக இருந்த பெண்ணை ஊரார் தடுத்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி கே. சந்துரு அவர் பூசை செய்யலாம் என்று தீர்ப்பளித்தார். 2021இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகும் ஆணைகள் வழங்கப்பட்டன. 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். கோயிலும் ஒரு வேலையிடம். தகுதியும் பயிற்சியும் இருக்கிறவருக்கு அங்கே வேலை உண்டு என்பதில் ஆண்டாளுக்கு ஆட்சேபம் இருந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

விண்ணப்பத்தில் இல்லாத கட்டம்

சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்த சேலத்து பிரித்திகா யாஷினியை, படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தில் எதிலும் அவர் பொருந்தவில்லை என்று நிராகரித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில் அவருக்கு வழி திறந்தது. 2017இல் தருமபுரியில் பணியேற்றார்; நாட்டின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர். திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, 2008இல். 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், வேலை தருவதிலும் பதவி உயர்விலும் திருநங்கை, திருநம்பியருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் பெற ஒரு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மில் கேட்டில் 'ஆட்கள் தேவை' பலகைக்குக் கீழே அந்த அலுவலர் பெயரையும் எழுதலாம்.

கிருஷ்ணன்கோவிலில்

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் கிருஷ்ணன்கோவிலில், 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். காது கேளாத, பேச இயலாத மாணவர்களுக்கென்றே பொறியியல் பட்டப் படிப்பு அங்கே நடக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் அவர்களுக்கு நூற்றுக்கு 4 இடம் ஒதுக்குகிறது. ஏற்கப்பட்ட குறைபாட்டு வகைகளையும் 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. படித்து வெளியே வருகிறவர்களை நேர்காணலில் உட்கார வைக்கச் சைகை மொழி தெரிந்த ஒருவர் நம் ஊர் நிறுவனங்களில் இருக்கிறாரா?

சித்தாள், கொத்தனார்

ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்பது 1976 முதல் சட்டம். நடைமுறையில் வேலையின் பெயரை மாற்றிக் கூலியைக் குறைக்கிறார்கள். கட்டட வேலையில் பெண் கல் சுமந்தாலும் கலவை குழைத்தாலும் சித்தாள்தான். இருபது வருஷம் கழித்தும் சித்தாள். அவளுக்குப் பின் வந்த பையன் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். கரண்டியை அவளுக்குக் கொடுக்காததுதான் கூலி வித்தியாசத்தின் வேர். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு 'பாலினம்' என்ற பொதுச் சொல்லால் பாகுபாட்டைத் தடுக்கிறது. திருநங்கையரையும் சேர்த்துப் படிக்க அதில் இடம் இருக்கிறது.

888 ரூபாய்

2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணித்தது. கிராமத்திலிருந்து டவுன் கடைக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு அது சில நாள் கூலி.

அந்த பஸ்ஸை ஓட்டுவது யார்? கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அரசு பஸ் ஸ்டியரிங்கில் ஒரு பெண்ணைப் பார்ப்பது இன்னும் அரிதாகவே இருக்கிறது.

22 பேர்

தமிழ்நாடு காவல்துறையில் 1973இல் பெண்கள் சேர்ந்தபோது ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல், சென்னை ஆயிரம் விளக்கில்.

இயக்குநர் நாற்காலி

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்த மில்லும் ராம்கோ சிமென்ட்ஸும் உட்பட, பங்குச் சந்தையில் உள்ள சில நிறுவனங்களின் பதிவு அலுவலகம் ராஜபாளையத்தில்தான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். பெரிய ஆயிரம் நிறுவனங்களில் அவர் சுயேச்சை இயக்குநராகவும் இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2020 முதல் வற்புறுத்தியது. முதலாளி குடும்பத்துப் பெண்ணை மட்டும் உட்கார வைத்துக் கணக்கு முடிக்க முடியாது. ஒன்று என்பது மிகச் சிறிய எண். இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்றால், மேஸ்திரி, சூப்பர்வைசர், மேலாளர் வரிசையிலும் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். இயக்குநர் குழுவைப் பற்றிச் சட்டம் பேசுகிறது; அந்த நடு வரிசையைப் பற்றி எதுவும் பேசவில்லை.

சமையலறையும் வேலையிடம்தான்

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்க வந்த தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரையே இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. பெண் என்பதோடு சாதியும் சேரும்போது வேலையிடம் எப்படி இறுகுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. புகார் வந்தால் புகார் கொடுத்தவரை மாற்றும் வழக்கம் மில்லிலும் உண்டு, அலுவலகத்திலும் உண்டு. 2013 சட்டம் இதற்கு மாற்று சொல்கிறது: விசாரணை முடியும்வரை, புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால், எதிராளியை இடம் மாற்றலாம், புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம்.

புகார் கொடுக்க

தொல்லை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. உள்ளகக் குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். அவசர உதவிக்கு மகளிர் உதவி எண் 181.

இன்னொன்று. இந்த இரண்டு ஊர்களும் உள்ள மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மகளிர் நீதிமன்றமும் இங்கேதான், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இங்கேதான். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் வக்கீல் இலவசம். தொழிலாளி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கும் உண்டு. பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. சம்பளச் சீட்டோ வருமானச் சான்றிதழோ கேட்க மாட்டார்கள். போனில் கேட்க 15100.